கண்ணாடி அணிந்திருந்தும் கண்ணில் இரும்புத்துகள் விழுவது ஏன்?

கேள்வி: கொண்டலாம்பட்டி பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் கிரில், கேட், தகரக் கொட்டகைக்கான இரும்புச் சட்டங்கள் ஆகியவற்றைச் செய்து தரும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். வெல்டிங், கிரைண்டிங், துளையிடுதல் ஆகிய எல்லா வேலைகளும் ஒரே கூரையின் கீழ், அதிக இடைவெளியில்லாமல் நடக்கின்றன. வேலை செய்யும் ஆறு பேருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் இந்தக் கோடையில் இருவருக்குக் கருவிழியில் இரும்புத்துகள் ஒட்டிக்கொண்டு, கண் மருத்துவமனைக்குச் சென்று எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கண்ணாடியே அணியாமல் வேலை செய்திருந்தால் நான் இங்கே கேட்க வேண்டிய தேவையே இல்லை. இருவருமே அணிந்திருந்தார்கள். ஒருவர் கிரைண்டரைப் பிடித்திருந்தவர். மற்றவர் வெல்டிங் முடித்துவிட்டு, முகக்கவசத்தை மேலே தூக்கிய நிலையில், பற்றவைத்த இடத்தின் மேல் உறைந்த கசடைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தவர். அப்படியானால் அணிந்த முறையில் கோளாறா, வாங்கிய கண்ணாடியில் கோளாறா என்பது எனக்கு விளங்கவில்லை.

மேலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. தகரக் கூரையின் கீழ் சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வை வழிந்து கண்ணாடி உட்புறம் பனித்துவிடுகிறது. உடனே அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்லிப் பார்த்தும் என் தலை மறைந்தால் பழைய கதைதான். எங்களிடம் உள்ள மூத்த வெல்டர் ஐம்பதைக் கடந்தவர். அருகில் உள்ளதைப் பார்க்க அவர் அணியும் பவர் கண்ணாடியே போதும் என்றும், அதற்கு மேல் இன்னொன்றை மாட்டினால் எதுவுமே தெரியவில்லை என்றும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர், சூரமங்கலம்

ஐயா, உருக்குத் தொழிலில் பாதுகாப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு விபத்துகளும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

கிரைண்டர் பிடிப்பவருக்குத் துகள் பெரும்பாலும் நேர் எதிரிலிருந்து வருவதில்லை. வேலைப்பொருள் இடுப்பளவிலோ தரையிலோ இருக்கிறது. அவர் தலையைக் குனிந்திருக்கிறார். பொறி தரையிலும் மேசையிலும் சட்டையிலும் பட்டுத் தெறித்துக் கன்னத்தை ஒட்டி மேலேறுகிறது. ஆகவே அவருடைய கண்ணாடியை எதிரில் நின்று பார்த்துவிட்டு 'அணிந்திருக்கிறார்' என்று முடிவு செய்யாதீர்கள். அவரை வேலை செய்யும் அதே நிலையில் குனியச் சொல்லி, நீங்கள் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். கன்னத்துக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் நடுவே அவருடைய கண் உங்களுக்குத் தெரிந்தால், துகளுக்கும் அந்த வழி தெரியும். புருவத்தின் மேலும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் இதே போலப் பாருங்கள். இடைவெளி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் இருக்கக் கூடாது என்பதை நாங்கள் பொதுவான அளவாக வைத்திருந்தோம். சுண்டுவிரல் நுனி தாராளமாக நுழைந்தால் அந்தக் கண்ணாடி அந்த முகத்துக்கு உரியதன்று.

கடையில் மொத்தமாக வாங்கும் கண்ணாடிகள் ஒரே அளவில் வருகின்றன. முகங்கள் அப்படி வருவதில்லை. மூக்குத்தண்டு தாழ்வாக உள்ளவர்களுக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கிக் கன்னத்தின் மேல் உட்கார்ந்துவிடும், மேலே புருவத்தோரம் வாய்திறந்து நிற்கும். ஆகவே ஆறு பேருக்கும் ஒரே வகையை வாங்காமல், காதுக் கம்பியின் நீளத்தையும் சாய்வையும் மாற்றக்கூடிய இரண்டு மூன்று வகைகளைக் கொண்டுவந்து, அவரவரே மாட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டிய பின் தலையைக் குனிந்து இருபுறமும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். கையால் தொடாமலே இடத்தில் நிற்க வேண்டும். பட்டை வைத்த காகிள்ஸ் என்றால் பட்டை பின்னந்தலையின் மேடான பகுதிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பலர் அதைப் பிடரியில் இறக்கி விட்டுக்கொள்கிறார்கள். அப்போது முன்பகுதி கீழ்நோக்கி இழுக்கப்பட்டு மேல் விளிம்பு நெற்றியை விட்டு விலகிவிடுகிறது. தொப்பியோ தலைப்பாகையோ கட்டியிருந்தால் பட்டையும் கம்பியும் துணிக்கு மேலே போகாமல் தலையோடு ஒட்டியிருப்பது நல்லது, ஏனென்றால் துணி நகரும்போது கண்ணாடியும் நகரும்.

அடுத்தது கண்ணாடியின் தரம். லென்ஸின் ஓரத்திலும் சட்டத்திலும் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் தரம் ஐ.எஸ். 5983, ஐரோப்பியத் தரம் இ.என். 166, அமெரிக்கத் தரம் இசட் 87 ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய முறையில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், ஆறு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் தாங்கியது என்று பொருள். 'பி' என்றால் அந்த வேகம் நொடிக்கு 120 மீட்டர். காதில் மாட்டும் கண்ணாடிகளுக்கு 'எஃப்' வரைதான் கிடைக்கும். 'பி' வேண்டுமானால் பட்டை வைத்த காகிள்ஸோ, முகம் முழுவதையும் மறைக்கும் முகத்தட்டோ வாங்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் நான்கு அங்குல வீலின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. பொடித்துகளின் எடை மிகக் குறைவு என்பதால் 'எஃப்' அதைத் தாங்கிவிடும். வீலே உடைந்து ஒரு துண்டு பறந்தால் அது தாங்கும் என்று எண்ண முடியாது. ஆகவே கிரைண்டிங்குக்கு உள்ளே கண்ணாடி, வெளியே முகத்தட்டு என்ற இரண்டும் வேண்டும். முகத்தட்டு மட்டும் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. அதன் அடிப்பகுதி திறந்திருப்பதால் நான் முன்பு சொன்ன கன்னத்து வழி அப்படியே இருக்கிறது.

இனி உங்கள் வெல்டர். வெல்டிங் நடக்கும்போது கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. ஆபத்து அதற்கு அடுத்த நிமிடத்தில் வருகிறது. கறுப்புக் கண்ணாடி வழியே எதுவும் தெரியாததால் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுத்தான் எல்லோரும் கசடு தட்டுகிறார்கள், சூடான கசடு கண்ணாடிச் சில்லு போலத் தெறிப்பதும் அப்போதுதான். முகக்கவசத்துக்கு உள்ளே நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எப்போதும் அணிந்திருப்பதே இதற்குத் தீர்வு. கறுப்புப் பகுதி மட்டும் மேலே மடங்கி, நிறமற்ற தட்டு முகத்தின் முன் நிற்கும் கவசங்களும் கிடைக்கின்றன.

சம்பளப் பிடித்தம் பற்றிக் கேட்டீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு துகளும் கடும் ஒளியும் வரும் வேலைகளுக்கு 'தக்க திரைகளோ பொருத்தமான கண்ணாடிகளோ' தரப்பட வேண்டும் என்று சொல்லும்போது திரையைத்தான் முதலில் வைத்தது. அந்த வேலையைச் செய்பவரை மட்டுமன்றி அருகில் இருப்பவரையும் சேர்த்தே சொன்னது. உங்கள் பட்டறை அளவுக்கு அந்தச் சட்டம் பொருந்தியதா என்பதை விட்டுவிடுங்கள். அதன் முறை சரியானது. கிரைண்டிங் இடத்தைச் சுற்றி இரண்டு பழைய தகரத் தட்டிகளை நிறுத்தினாலே பக்கத்தில் அளவெடுத்துக்கொண்டிருப்பவரின் கண் பாதி காப்பாற்றப்பட்டுவிடும். எதுவும் தெரியாத கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அதைக் கழற்றியதற்குக் கூலியைப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல்.


பதில் 2: கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்

மேலே ஐயா எழுதியதில் மூத்த வெல்டரின் கேள்வி விடுபட்டுவிட்டதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வெள்ளிக் கொலுசுத் தொழிலில் ஏறத்தாழ எல்லோருக்கும் இதே சிக்கல்தான். சின்னஞ்சிறு வளையங்களுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலையில் முகத்தை நெருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டியவர்கள் பவர் கண்ணாடி இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதன் லென்ஸ் மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டதில்லை. பக்கவாட்டில் தடுப்பும் கிடையாது. சட்டம் மெலிதாக இருந்தால் பலமாக ஏதேனும் பட்டவுடன் லென்ஸ் கழன்று கண்ணை நோக்கியே வரும். ஆனால் 'மேலே இன்னொன்றை மாட்டினால் தெரியவில்லை' என்று அவர் சொல்வதும் உண்மை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியைப் பவர் கண்ணாடியின் மேல் ஏற்றினால் இரண்டின் கம்பிகளும் காதில் மோதும், இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே ஒளி பட்டுத் திரும்பும், எல்லாவற்றையும்விட மேல் கண்ணாடி முகத்தை விட்டு முன்னே தள்ளி நிற்கும். அணிந்தும் அணியாத நிலை அது.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பவர் கண்ணாடியை உள்ளடக்கும் அளவுக்கு அகலமும் ஆழமும் உள்ள மேலுறைக் கண்ணாடிகள் தனியாகவே விற்கின்றன. விலை குறைவு, எடை கொஞ்சம் கூடுதல். நீடித்து வேலை செய்பவருக்கு அவருடைய பவரிலேயே பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸ் போட்டு, பக்கத் தடுப்புள்ள பாதுகாப்புச் சட்டத்தில் பொருத்தித் தருவதுதான் சிறந்தது. கண் கண்ணாடிக் கடையில் கேட்கும்போது வேலைப்பொருள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதை அளந்து சொல்ல வேண்டும். படிப்பதற்கான பவரும் வெல்டிங் தூரத்துக்கான பவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர் என்றால் கீழ்ப்பகுதி வழியே பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்து நிமிர்த்துவார். அப்போது கீழ் இடைவெளி இன்னும் பெரிதாகிவிடும். ஒரே பவர் போட்ட வேலைக் கண்ணாடியை நான் விரும்புவது அதனால்தான்.

வெல்டிங் முகக்கவசத்துக்குள் கறுப்புக் கண்ணாடியின் பின்னால் செருகிக்கொள்ளும் உருப்பெருக்கு லென்ஸ்களும் வெவ்வேறு பவர்களில் கிடைக்கின்றன. அதைப் போட்டுவிட்டால் உள்ளே பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடியையே அவர் அணியலாம்.

எங்கள் வேலையைப் பற்றியும் ஒரு சொல். ஊதுவதற்கும் மெருகு போடுவதற்கும் பக்கத் தடுப்புள்ள கண்ணாடி போதும். பொருளை வெளுக்கத் திராவகத்தில் போடும் இடத்தில் அது போதவே போதாது. அங்கே முகத்தோடு ஒட்டி நிற்கும் மூடிய காகிள்ஸ் வேண்டும். ஒரே கண்ணாடியை எல்லா வேலைக்கும் மாட்டிக்கொண்டு திரிவதும் தவறாக அணிவதுதான் என்பது என் எண்ணம்.


பதில் 3: சேர்வராயன் காப்பித் தோட்டம்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பட்டறைக்கார அண்ணாவுக்கு வியர்வையால் பனிக்கிறது, எங்களுக்கு மேகமே தோட்டத்துக்குள் இறங்கி வந்து பனிக்கிறது, காரணம் ஒன்றுதான். முகத்திலிருந்து எழும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் அதைவிடக் குளிர்ந்த லென்ஸின் மேல் படிகிறது.

நாங்கள் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கண்ணாடியும் சேர்த்து அணியும் வேலை என்றால், முதலில் முகக்கவசத்தை மாட்டி, அதன் மேலோரத்துக் கம்பியை மூக்குத்தண்டோடு அழுத்தி வளைத்துவிட்டு, பிறகுதான் கண்ணாடியை மாட்ட வேண்டும். பனித்தல் பாதிக்குப் பாதி அதிலேயே குறைந்துவிடும். துண்டை மூக்கின் மேல் கட்டுகிறவர்களுக்கு மூச்சுக்காற்று முழுவதும் மேல்நோக்கிக் கண்ணாடிக்குள் போவதால் எந்தக் கண்ணாடியும் தெளிவாக இராது. நெற்றியில் ஒரு பருத்தித் துணிப் பட்டையைக் கட்டினால் வியர்வை லென்ஸில் சொட்டாது. அந்தத் துணி கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிள்ஸில் காற்றுத் துளைகள் இரண்டு வகை. நேராகத் துளையிட்டவற்றில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், பனிப்பதும் குறைவு. பெரிய துகளும் செதிலும் பறக்கும் வேலைக்கு அவை சரி. மறைப்பு வைத்து வளைந்து செல்லும் துளைகள் உள்ளவற்றில் திரவம் நேராக உள்ளே பாயாது. எங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கிறோம்; ஒரு சதவீதக் கலவைக்கு நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேரும். தெளிக்கும்போதைவிடச் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது கொதித்துத் தெறிப்பதுதான் கண்ணுக்குப் பெரிய ஆபத்து. அந்த வேலைக்கு நேர்த்துளைக் காகிள்ஸை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும் நாங்கள் கம்பி வலை முகத்தட்டைப் பயன்படுத்துகிறோம். பனிப்பதே இல்லை, ஆட்களும் மனமுவந்து அணிகிறார்கள். அதனால் அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். அண்ணாவின் பட்டறைக்கும் அது உதவுமா என்று பெரியவர்கள் சொல்லலாம்.


பதில் 4: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர், சூரமங்கலம்

கம்பி வலை பற்றி ஏற்காட்டு நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கூழாங்கல்லையும் குச்சியையும் அது தடுக்கும். மணலும் மண்ணும் விதையும் வலைக்கண்ணின் வழியே உள்ளே வரும். வெட்டும் கம்பி சிறிய கல்லைப் பொடியாக்கியும் எறியும். வலை முகத்தட்டு இருக்கட்டும், அதன் உள்ளே ஒரு சாதாரண நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். காற்றோட்டம் வலை வழியே நன்றாகக் கிடைப்பதால் உள்ளே இருக்கும் கண்ணாடியும் அவ்வளவாகப் பனிக்காது. கிரைண்டிங்குக்கும் வெல்டிங்குக்கும் வலையை நினைத்தே பார்க்க வேண்டாம். இரும்புப் பொறிக்கு அது ஒரு தடையே இல்லை.


பதில் 5: சேர்வராயன் காப்பித் தோட்டம்

மணல் பற்றி ஐயா சொல்வது சரிதான். வேலை முடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவர்கள் எங்களிடமும் உண்டு. உள்ளே கண்ணாடி சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் மழை தூறும் நாளில் வலையும் கண்ணாடியும் சேர்ந்து நனைந்தால் சரிவில் கால் வைக்கும் இடம் தெரியாது. அந்த நாளில் இயந்திரத்தை எடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் முடிவு.


பதில் 6: கண் மருத்துவமனைப் பணியாளர்

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளை முதலில் பார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். பட்டறைகளிலிருந்து வருகிறவர்களிடம் கண்ணாடி அணிந்திருந்தீர்களா என்று கேட்டால் 'அணிந்திருந்தேன்' என்றுதான் பலரும் சொல்வார்கள். அது எங்கே இருந்தது, எப்போது கழற்றினீர்கள் என்று அடுத்துக் கேட்டால்தான் நடந்தது தெரியவரும். பெரும்பாலும் கழற்றும் நேரத்திலேயே துகள் விழுந்திருக்கும். வேலை முடிந்த பின் புருவத்திலும் முடியிலும் கண்ணாடியின் மேல் விளிம்பிலும் பொடி தங்கியிருக்கிறது. நிமிர்ந்து நின்று கண்ணைத் திறந்தபடியே கழற்றினால் அத்தனையும் கண்ணில் கொட்டும். கையைக் கழுவிவிட்டு, நெற்றியையும் புருவத்தையும் துணியால் ஒற்றிவிட்டு, கண்ணை மூடித் தலையைக் குனிந்த நிலையில், காதுப் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழற்றுங்கள். நெற்றிக்கு ஏற்றி வைக்கும் பழக்கத்தின் தீமையும் இதுதான்: அங்கே இருக்கும்வரை லென்ஸின் உட்புறம் தூசியை வாங்கிச் சேமிக்கிறது, மறுபடி கீழே இறக்கும்போது அது கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. உடலிலும் துணியிலும் உள்ள பொடியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிக்கொள்கிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அதைக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு செய்கிறார்கள்.

துகள் விழுந்துவிட்டால் கசக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் தீக்குச்சி முனையாலும் துணி முனையாலும் எடுத்துவிடுவது பட்டறைகளில் ஒரு திறமையாகவே போற்றப்படுகிறது. அதனால் கருவிழியில் கீறல் ஏற்பட்டுக் கிருமி புகுந்து புண்ணாகி வருபவர்களைப் பார்க்கிறோம். நம் பகுதியில் பூஞ்சைக் கிருமியால் வரும் கருவிழிப் புண் அரிதானதன்று. காப்பிச் செடியின் குச்சியோ இலையோ கண்ணில் பட்டவர்களுக்கும் அது வரும் என்பதை ஏற்காட்டு நண்பர் கவனிக்க வேண்டும். இதற்கு மருந்துக் கடையில் தானாகவே சொட்டு மருந்து வாங்கி விடுவது பெரும் கேடு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்குவது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டே போகும். இரும்புத்துகள் என்றால் சில மணி நேரத்திலேயே சுற்றிலும் துரு வளையம் படியத் தொடங்கும்; துகளை எடுத்த பிறகும் துருவைத் தனியாகச் சுரண்ட வேண்டியிருக்கும்.

சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறித்த துண்டு வேறு வகை. அது கண்ணைத் துளைத்து உள்ளே போயிருந்தும் வலி அதிகம் இல்லாமல் இருக்கக்கூடும். பார்வை மங்கினாலோ கண்ணில் நீர் போல ஏதேனும் வழிந்தாலோ கண்ணை அழுத்தாமல், காகிதக் குவளை ஒன்றை மேலே கவிழ்த்துப் பிடித்தபடி உடனே வாருங்கள். கண்ணுக்குள் இரும்பு இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் பின்னாளில் எதற்காவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காந்தப்புலத்தில் அந்தத் துண்டு நகர்ந்து பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

திராவகமோ சுண்ணாம்போ பட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, திராவகத்தைவிட ஆழமாகத் திசுவுக்குள் இறங்கும். அதை இதனால் முறிக்கிறேன் என்று எலுமிச்சையையும் மோரையும் தேடிப் போகாதீர்கள். சுண்ணாம்புத் துணுக்குகள் இமையின் உட்புறம் ஒளிந்திருக்கும் என்பதால் கழுவிய பிறகும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

வெல்டிங் ஒளி அடித்தவர்களுக்குப் பகலில் எதுவும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்குச் சீவல் வைப்பது என்று பல வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. எதையும் கண்ணுக்குள் விடாமல் வந்து காட்டுங்கள். வெல்டரின் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார். அவருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினால் மறுநாளே கிரைண்டரைப் பிடிக்க அனுமதிக்காதீர்கள். ஒற்றைக் கண்ணால் தூரம் சரியாகத் தெரியாது.


பதில் 7: கொண்டலாம்பட்டி பட்டறைக்காரர்

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி ஆறு பேரையும் குனியச் சொல்லிக் கீழிருந்து பார்த்தேன். நான்கு பேருக்குக் கன்னத்தருகே கண் முழுவதும் தெரிந்தது. ஒரே அளவில் வாங்கியவற்றை ஒதுக்கிவிட்டு, வேறு வகைகளை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். மூத்த வெல்டரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்; அவர் முகக்கவசத்துக்குள் செருகும் லென்ஸ் பற்றிக் கேட்டதும் முதன்முறையாகத் தானே ஆர்வம் காட்டினார்.

இன்னும் மூன்று ஐயங்கள். கண்ணாடியைத் துடைப்பதற்கு எங்களிடம் தின்னர் நனைத்த துணிதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ஒருவருடையதை மற்றவர் மாட்டிக்கொள்ளலாமா? வெல்டிங் தொடங்கியதும் தானாகக் கறுக்கும் முகக்கவசம் ஒன்றை வாங்கலாமா, அதை நம்பலாமா?


பதில் 8: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர், சூரமங்கலம்

தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட்டுக்கு எதிரி. பட்டவுடன் வெண்மையாக மங்கும். மங்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்து, தாங்க வேண்டிய நேரத்தில் உடைந்துவிடும். உலர்ந்த துணியால் தேய்ப்பதும் கூடாது, லென்ஸின் மேல் உள்ள இரும்புப் பொடியே அதைக் கீறும், பனித்தல் தடுக்கும் பூச்சும் உரிந்துபோகும். ஓடும் தண்ணீரில் பொடியைக் கழுவிவிட்டு, மென்மையான சோப்பு நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். கீறல் பார்வைக்கு நேரே விழுந்துவிட்டாலோ, பொறி பட்டுக் குழி விழுந்திருந்தாலோ, ஒரு முறை பலமான அடி வாங்கியிருந்தாலோ அந்தக் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும். கீறிய கண்ணாடி வழியே எதிர்வெயிலில் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம். அதை நெற்றிக்கு ஏற்றியவரைக் குறை சொல்ல உங்களுக்கு மனம் வராது.

ஒருவருடையதை மற்றவர் அணிவது வேண்டாம். அவரவர் முகத்துக்குச் சரிசெய்த கம்பியும் பட்டையும் குலைந்துவிடும். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் ஒரு பட்டறையே படுத்துவிடும். பெயர் எழுதிய சிறு டப்பாவோ துணிப்பையோ ஆளுக்கு ஒன்று கொடுத்து, கிரைண்டர் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தொங்க விடுங்கள். அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் யாரும் கேட்டு வாங்க வரமாட்டார்கள். வருபவர் போகிறவருக்கென்று இரண்டு கூடுதலாக வாசலில் இருக்கட்டும். சரக்கு எடுக்க வரும் வாடிக்கையாளருக்கும் கண் உண்டு.

தானாகக் கறுக்கும் முகக்கவசம் நல்ல பொருள்தான், தரக்குறி உள்ளதை வாங்கினால். அதன் வடிகட்டி கறுக்காத நிலையிலும் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். கறுப்பதும் வெளுப்பதும் கண்ணில் படும் ஒளியின் அளவை மட்டும் மாற்றுகிறது. நீங்கள் செய்யும் கிரில் வேலைக்கு 60 முதல் 160 ஆம்பியர் வரை என்றால் பத்தாம் எண் அடர்த்தியில் வைத்துத் தொடங்கலாம், கண் கூசினால் பதினொன்றுக்கு ஏற்றலாம். கறுக்காத நிலையில் ஓரளவு வெளிச்சம் தெரிவதால் கவசத்தைத் தூக்காமலே கசடு தட்ட முடியும். உங்கள் வெல்டருக்கு நேர்ந்தது இதனால் பெரும்பாலும் தவிர்க்கப்படும். ஆயினும் உள்ளே நிறமற்ற கண்ணாடி இருக்கட்டும். முன்பக்க நிறமற்ற தட்டில் பொறி படிந்து மறைத்தால் ஒளி உணரும் கண்களும் மறையும், கறுப்பது தாமதமாகும். ஆகவே அந்தத் தட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். காலையில் வேலை தொடங்கும் முன் கவசத்தை வெயிலை நோக்கிக் காட்டியோ, சிகரெட் லைட்டரின் பொறியைக் காட்டியோ கறுக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். மின்கலத்தை மாற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளேயே அடைத்து வைத்த வகைகளில் மின்கலம் தீர்ந்தால் கவசத்தையே தூக்கிப் போட வேண்டியிருக்கும்.